வெளிநாட்டில் ஆசிரியர் படிப்பு: வகுப்பறை அனுபவத்துக்கு எந்த வழி?

வெளிநாட்டுப் பள்ளி ஒன்றுக்கு முதல் முறை பயிற்சிக்குப் போனபோது ஆறு வாரமும் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அடையாள அட்டை கொடுத்தார்கள், ஆசிரியர் அறையில் ஒரு மேசை ஒதுக்கினார்கள், கடைசி நாளன்று சான்றிதழும் தந்தார்கள். ஆனால் அந்த ஆறு வாரத்தில் நானே எடுத்த பாடங்கள் இரண்டுதான். அந்த இரண்டையும் முழுதாக உட்கார்ந்து பார்த்தவர் யாருமில்லை.

அடுத்த ஆண்டு வேறொரு பள்ளியில் மூன்று வாரம் மட்டும் கிடைத்தது. அங்கே எனக்கு அமைந்த வழிகாட்டி ஆசிரியர் தினமும் ஒரு பாடவேளை என் வகுப்பில் இருந்து பார்த்தார். மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு இருபது நிமிடம் பேசுவார். "ஜன்னல் பக்கத்து வரிசைக்கு நீங்கள் ஒரு தடவைகூடப் போகவில்லை." "கேள்வி கேட்டு வாய் மூடுவதற்குள் பதிலையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள்." இந்த இரண்டாவது குறை கல்வி ஆய்வில் பழைய விஷயம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று வினாடியாக்கினாலே மாணவர்களின் பதில் நீளமாகிறது என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே எழுதியிருக்கிறார். அதை நான் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். என் வகுப்பில் நான் காத்திருப்பதில்லை என்பது, ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அதனால் வெளிநாட்டில் ஆசிரியர் பயிற்சி பற்றி யார் யோசனை கேட்டாலும், எந்த நாடு, பல்கலைக்கழகம் தரவரிசையில் எத்தனையாவது என்பதையெல்லாம் நான் பிறகுதான் பார்ப்பேன். எத்தனை பாடம் நீங்களே எடுப்பீர்கள், அதை யார் உட்கார்ந்து பார்ப்பார், பார்த்தபின் பேச அவருக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. கீழே உள்ள ஒப்பீடு அதை வைத்துத்தான் நகர்கிறது.

பயிற்சியோடு சேர்ந்த முழுப் பட்டம்

பள்ளியில் அதிக நாள் கிடைப்பது இந்த வழியில்தான். இங்கிலாந்தில் கியூ.டி.எஸ். எனப்படும் ஆசிரியர் தகுதியைத் தரும் ஓராண்டுப் பயிற்சியில் குறைந்தது 120 நாள் பள்ளியில் இருக்க வேண்டும். அதுவும் குறைந்தது இரண்டு பள்ளிகளில். ஆஸ்திரேலியாவில் இளநிலைப் படிப்புக்கு 80 நாள், பட்டம் முடித்தவர்கள் சேரும் படிப்புக்கு 60 நாள் என்பது குறைந்தபட்ச அளவு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2015இல் பி.எட். படிப்பை நான்கு பருவமாக நீட்டியபோது பள்ளிப் பயிற்சியையும் 80 நாளாக உயர்த்தியது.

நாள் கணக்கைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. இந்த நாடுகளில் உங்களைக் கவனிப்பதும் மதிப்பிடுவதும் ஒரு மூத்த ஆசிரியரின் நல்ல மனதை மட்டும் நம்பி விடப்படுவதில்லை. அதற்கு விதி இருக்கிறது. இங்கிலாந்தில் 2024 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள விதிகள், பள்ளியில் இருக்கும் வாரங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் வழிகாட்டியோடு இருக்க வேண்டும் என்கின்றன. அது நடக்கவில்லையென்றால் நீங்கள் போய்க் கேட்கலாம். கேட்க உரிமை இருக்கும் இடத்தில் கேட்பது எவ்வளவு சுலபம் என்பது, உரிமை இல்லாத இடத்தில் ஆறு வாரம் சும்மா உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இங்கேதான் பலர் பெயரைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். இங்கிலாந்தில் பி.ஜி.சி.இ. எனப்படும் கல்வியியல் முதுநிலைச் சான்றிதழுக்கு நல்ல மதிப்பு உண்டு. அதே பெயரோடு "சர்வதேச" என்ற சொல்லோ "ஐ" என்ற எழுத்தோ ஒட்டிக்கொண்டு வரும் படிப்புகளும் உண்டு. அவற்றில் பல, ஏற்கெனவே ஏதோ ஒரு பள்ளியில் வேலை பார்ப்பவர்களுக்காக அமைக்கப்பட்டவை. அவை இங்கிலாந்துப் பள்ளியில் உங்களைக் கொண்டுபோய் உட்கார வைக்காது, கியூ.டி.எஸ். தகுதியும் தராது. கல்வியியலில் எம்.ஏ., எம்.எட். என்று வரும் பட்டங்களிலும் பெரும்பாலானவை ஆய்வுப் படிப்புகள். ஓராண்டு முழுக்க நூலகத்தில் போகும், ஒரு நாள்கூடப் பள்ளி வாசலை மிதிக்காமல் பட்டம் கைக்கு வரும். அது தவறான படிப்பு என்று சொல்லவில்லை. வகுப்பறைக்காக அதில் சேர்ந்தால் ஏமாற்றமாகிவிடும்.

ஜெர்மனியில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே வகுப்பறைப் பயிற்சியின் முக்கியமான பகுதி பட்டத்துக்குப் பிறகுதான் வருகிறது. ரெஃபரெண்டாரியாட் எனப்படும் அந்தப் பயிற்சிக் காலம் மாநிலத்தைப் பொறுத்து ஓராண்டிலிருந்து இரண்டாண்டு வரை போகும். பட்டம் மட்டும் முடித்துவிட்டுத் திரும்பிவிடுபவர், அந்த நாட்டு ஆசிரியர் கல்வியின் பாதியை விட்டுவிட்டு வருகிறார் என்றே சொல்லலாம். ஜப்பானில் பல்கலைக்கழக மாணவர்களின் பள்ளிப் பயிற்சி இரண்டிலிருந்து நான்கு வாரம்தான். ஆனால் அங்கே பாட ஆய்வு என்ற வழக்கம் உண்டு. ஒருவர் பாடம் எடுக்க, சக ஆசிரியர்கள் சுற்றி நின்று பார்த்து, பிறகு சேர்ந்து உட்கார்ந்து அந்த ஒரு பாடத்தைப் பற்றியே பேசுவார்கள். வாரக் கணக்கை மட்டும் வைத்து ஒரு நாட்டை எடைபோட முடியாது என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை.

இந்த வழியின் மெய்யான சுமை பணமும் உடம்பும். பள்ளிப் பயிற்சி வாரங்கள் முழுநேர வேலைக்குச் சமம். காலையில் பிள்ளைகளுக்கு முன்பே போய், மாலையில் அவர்களுக்குப் பின் கிளம்பி, இரவில் மறுநாள் பாடக் குறிப்பு எழுத வேண்டும். பகுதிநேர வேலை செய்து வாடகை கட்டலாம் என்ற கணக்கு அந்த வாரங்களில் எடுபடாது. ஆஸ்திரேலிய மாணவர் விசாவில், படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம். படிப்பின் கட்டாயப் பகுதியான பள்ளிப் பயிற்சி அந்தக் கணக்கில் சேராது. அதாவது சட்டம் தடுக்கவில்லை, ஆனால் உடம்பு தடுத்துவிடும். பயிற்சி வாரங்களில் சம்பளமில்லாமல் திணறும் மாணவர்களுக்காக அந்நாட்டு அரசு 2025 ஜூலையில் ஓர் உதவித்தொகையைத் தொடங்கியது. வெளிநாட்டு மாணவர்களுக்கு அது கிடையாது. எனவே அந்த வாரங்களுக்கான செலவைக் கிளம்பும் முன்பே தனியாக எடுத்துவைக்க வேண்டும்.

படிப்பு முடிந்து அங்கேயே வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் மொழித் தேர்வையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் ஆசிரியராகப் பதிவு செய்ய ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் பேசுவதிலும் கேட்பதிலும் 8, வாசிப்பதிலும் எழுதுவதிலும் 7 கேட்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்பதால் இந்த அளவும் கைவசம் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

ஒரு பருவம் மட்டும் வெளியே

சொந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம், நடுவில் ஒரு பருவம் வேறு நாட்டில். பலருக்கு இது பொருந்தும். ஐரோப்பாவில் 1987இல் தொடங்கிய எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டம்தான் இதில் பெரிய கதவு. இப்போதைய எராஸ்மஸ் பிளஸில் பள்ளி ஒன்றில் பயிற்சியாளராக 2 மாதத்திலிருந்து 12 மாதம் வரை இருக்கலாம். பட்டம் முடித்து ஓராண்டுக்குள்ளும் போகலாம். ஆனால் முடிக்கும் முன்பே, கடைசி ஆண்டில் இருக்கும்போதே, உங்கள் பல்கலைக்கழகம் உங்களைத் தேர்வு செய்திருக்க வேண்டும். நீண்ட நாள் போக முடியாதவர்களுக்கு 5 முதல் 30 நாள் நேரில் இருந்து மீதியை இணையத்தில் முடிக்கும் குறுகிய ஏற்பாடும் இருக்கிறது.

இந்த வழியில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது: பல்கலைக்கழகத்தில் பாடம் படிக்கப் போகிறீர்களா, பள்ளியில் பயிற்சி எடுக்கப் போகிறீர்களா? இரண்டும் ஒரே பரிமாற்றத்தில் தானாகச் சேர்ந்து வரும் என்று நினைத்துப் போய், நான்கு மாதம் விரிவுரை மட்டும் கேட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். ஒப்பந்தத் தாளில் பள்ளி நாட்கள் எழுத்தில் இல்லையென்றால் அவை கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பருவத்துக்கு எங்கே போகலாம் என்று கேட்டால் நான் பின்லாந்தைச் சொல்வேன். தேர்வு முடிவுகளில் அந்த நாடு வாங்கிய பெயருக்காக இல்லை. அங்கே ஆசிரியர் கல்வி தரும் பல்கலைக்கழகங்கள் தங்களுக்கென்று பயிற்சிப் பள்ளிகளை நடத்துகின்றன. யுவாஸ்குலா, ஓலு, துர்கு, ஹெல்சிங்கி என்று பல நகரங்களில் அவை உண்டு. அவற்றில் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி மாணவரை வழிநடத்துவது கூடுதல் சுமை கிடையாது, அவர்களுடைய வேலையில் அது ஒரு பகுதி. வகுப்பில் புதிய முகம் வந்து பாடம் எடுப்பது அந்தப் பிள்ளைகளுக்கும் பழகிய காட்சி. சில பல்கலைக்கழகங்கள் பரிமாற்ற மாணவர்களையும் அந்தப் பள்ளிகளில் ஆங்கிலத்தில் பாடம் எடுக்க விடுகின்றன. ஒரு குறையும் உண்டு. பயிற்சிப் பள்ளி எல்லாம் ஒழுங்காக அமைந்த இடம். சாதாரணப் பள்ளியின் தினசரி நெருக்கடியை அங்கே முழுதாகப் பார்க்க முடியாது.

இன்னொன்று நாட்காட்டி. பல்கலைக்கழகப் பருவமும் பள்ளி ஆண்டும் ஒரே சமயத்தில் நடப்பதில்லை. பின்லாந்தில் பள்ளி ஆகஸ்ட்டில் தொடங்கி ஜூன் பிறப்பதோடு முடிந்துவிடும். ஆஸ்திரேலியாவில் ஜனவரி கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடியும். ஜப்பானில் ஏப்ரல்தான் தொடக்கம். மே மாதத் தேர்வை முடித்துவிட்டு நிதானமாகப் பள்ளிக்குப் போகலாம் என்று திட்டமிட்டால், போய்ச் சேரும்போது வகுப்பறை பூட்டியிருக்கும். ஆண்டின் முதல் இரண்டு வாரம் பள்ளியில் இருக்கக் கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள். ஒரு நல்ல ஆசிரியர் வகுப்பை எப்படிப் பழக்குகிறார் என்பதை அந்த இரண்டு வாரத்தில்தான் பார்க்க முடியும். பிறகு வருபவருக்குப் பழகி முடித்த வகுப்பு மட்டுமே தெரியும்.

முதலில் சொந்த நாட்டில், அப்புறம் சில வாரம் வெளியே

கேட்பதற்குக் கவர்ச்சியில்லாத வழி. என் மனதில் முதல் இடம் இதற்குத்தான்.

அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகம் 1970களிலிருந்தே தன் ஆசிரிய மாணவர்களை வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பிவருகிறது. அந்த ஏற்பாட்டின் அடிப்படை: மாணவர் முதலில் உள்நாட்டுப் பள்ளியில் தன் பயிற்சியை முடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் வெளிநாட்டில் சில வாரங்கள். நாட்டைப் பற்றிய தயாரிப்புப் பாடமும் அதற்கு முன்பே உண்டு.

இந்த வரிசையில் ஒரு நியாயம் இருக்கிறது. கரும்பலகையில் எழுதிக்கொண்டே வகுப்பைக் கவனிப்பது, சத்தம் கூடும்போது குரலைத் தாழ்த்துவது, பத்து நிமிடத்தில் முடியும் என்று நினைத்த செயல்பாடு இருபத்தைந்து நிமிடம் இழுக்கும்போது எதை விடுவது என்று அங்கேயே முடிவெடுப்பது, இவையெல்லாம் ஒரு புதிய ஆசிரியருக்கே மூச்சு முட்டும் வேலை. அதோடு சேர்த்துப் புது நாடு, புது மொழி, புதுப் பாடத்திட்டம். எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கினால், எது தன் குறை, எது ஊர் புதிது என்பதால் வந்த தடுமாற்றம் என்று பிரித்தறிய முடியாது. அடிப்படை ஓரளவு கைவந்த பிறகு போகிறவர், அங்கே வித்தியாசமாக இருப்பதை மட்டும் பார்க்கிறார். அதனால் எட்டு வாரத்திலேயே நிறைய எடுத்துக்கொள்கிறார்.

அந்த வித்தியாசங்கள் சின்னச் சின்ன விஷயங்களில்தான் முதலில் கண்ணில் படும். விடைத்தாளில் டிக் போட்டால் எங்கும் சரி என்றுதான் அர்த்தம் என்று நினைத்திருப்போம். ஜப்பானில் சரியான விடைக்கு வட்டம் போடுவார்கள், டிக் போட்டால் தப்பு என்று பொருள். பின்லாந்திலும் சுவீடனிலும்கூட அந்தக் குறி தவறான விடைக்குத்தான். எல்லாம் சரியாக எழுதிய பிள்ளையின் தாளில் வரிசையாக டிக் போட்டுக் கொடுத்தால் அந்த முகம் வாடிப்போகும், உங்களுக்குக் காரணமும் புரியாது. ஜெர்மனியில் 1 என்பது மிகச் சிறந்த மதிப்பெண், 6 மிகக் குறைந்தது. பிரான்சில் இருபதுக்குப் போடுவார்கள். பின்லாந்தில் 4இலிருந்து 10 வரை. ஐரோப்பாவின் பல நாடுகளில் தசமப் புள்ளி இருக்கும் இடத்தில் காற்புள்ளி வரும். நீள் வகுத்தலை எழுதும் முறையே நாட்டுக்கு நாடு வேறு. பிரான்சில் வகுக்கும் எண் வலப்பக்கம் நிற்கும். கணிதத்துக்கு மொழி தேவையில்லை என்று நம்பிப் போகும் கணித மாணவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லுவேன். முதல் வாரத்திலேயே பிள்ளைகளின் நோட்டு இரண்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பாடப்புத்தகத்தைவிட அதில் அதிகம் தெரியும்.

இப்படி ஒவ்வொன்றாகப் பார்க்கும்போதுதான், "இதுதான் முறை" என்று நாம் இத்தனை நாள் வைத்திருந்ததில் எவ்வளவு வெறும் வழக்கம், எவ்வளவு காரணத்தோடு வந்தது என்ற கேள்வி வருகிறது. சொந்த வகுப்பறைக்குத் திரும்பிய பின்னும் கூடவே இருப்பது அந்தக் கேள்விதான். எனக்கு இன்றும் இருக்கிறது.

இந்த வழியில் கவனம் தேவைப்படும் இடம் அங்கீகாரம். வெளிநாட்டு வாரங்களை உங்கள் நாட்டு ஆசிரியர் கல்வி அமைப்பு கணக்கில் சேர்க்குமா என்பதை எழுத்தில் வாங்கிவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும். பல நாடுகள் இதற்கு எல்லை வைத்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் தேசியத் தரநிலையே, பயிற்சியின் பெரும்பகுதி அந்நாட்டுப் பள்ளிகளில்தான் நடக்க வேண்டும் என்கிறது. சேர்க்க மாட்டார்கள் என்று தெரிந்தும் போகலாம். அது தவறில்லை. திரும்பி வந்த பிறகு தெரிந்தால்தான் ஒரு பருவம் வீணாகும்.

மொழி உதவியாசிரியராக ஓர் ஆண்டு

மொழி உதவியாசிரியர் என்பவர், தன் மொழியை வெளிநாட்டுப் பள்ளியில் கற்பிக்க அங்குள்ள ஆசிரியருக்குத் துணையாக நிற்பவர். பிரான்சில் இவர்கள் வாரத்துக்கு 12 மணி நேரம், பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ஏழு மாதம் பள்ளிகளில் இருப்பார்கள். ஜெர்மனியிலும் வாரத்துக்கு 12 பாடவேளை. ஜப்பானின் ஜெட் திட்டம் 1987இல் தொடங்கியது. ஓராண்டு ஒப்பந்தம், நீட்டித்துக்கொண்டால் அதிகபட்சம் ஐந்தாண்டு, பட்டம் முடித்திருக்க வேண்டும். இவை எல்லாவற்றிலும் கைக்குக் கொஞ்சம் பணம் கிடைக்கும். எந்த நாட்டுக் குடிமக்கள் விண்ணப்பிக்கலாம் என்பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல் உண்டு. அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

நல்லது என்னவென்றால் நாள் கணக்கு. ஒரே பள்ளியில் ஏழு மாதம் இருப்பவருக்குப் பிள்ளைகளின் பெயர் தெரியும், யார் யாரோடு உட்கார்ந்தால் வேலை நடக்காது என்று தெரியும், போன மாதம் வாயே திறக்காத பிள்ளை இப்போது கை தூக்குவதைப் பார்க்கலாம். மூன்று வாரப் பயிற்சியில் அது கிடைக்காது.

ஆனால் இது ஆசிரியர் பயிற்சி ஆகாது. வகுப்புக்குப் பொறுப்பு வேறொருவருக்கு. உங்களை மதிப்பிட வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. சில பள்ளிகளில் பாதி வகுப்பை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். சிலவற்றில் உச்சரிப்புக்கு ஓர் ஒலிநாடாவைப் போல வைத்துக்கொள்வார்கள். உங்கள் ஆசிரியர் படிப்புக்கான நாட்களில் இதைக் கழித்துக்கொள்வதும் அநேகமாக நடக்காது. மொழி ஆசிரியராகப் போகிறவர்களுக்கு, குறிப்பாகத் தான் கற்பிக்கப் போகும் மொழியை அதைப் பேசும் நாட்டிலேயே கேட்க விரும்புகிறவர்களுக்கு, இதை மனதார ஆதரிப்பேன். அறிவியலோ கணிதமோ எடுக்கப் போகிறவர்கள் வேறு வழி பார்க்கலாம்.

கவனிக்க யாருமில்லை என்ற குறையை நீங்களே ஓரளவு சரிசெய்யலாம். மாதத்துக்கு ஒரு தடவை, "இன்று ஒரே ஒரு விஷயம் மட்டும் பாருங்கள்" என்று பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள். "நான் எத்தனை மாணவர்களிடம் கேள்வி கேட்டேன் என்று மட்டும் எண்ணிச் சொல்லுங்கள்." பொதுவாகக் கருத்துக் கேட்டால் "நன்றாக இருந்தது" என்று முடித்துவிடுவார்கள். எண்ணச் சொன்னால் எண்ணுவார்கள்.

படிப்பில் பயிற்சியே இல்லையென்றால்

ஏற்கெனவே பயிற்சியில்லாத முதுநிலைப் படிப்பில் சேர்ந்துவிட்டவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் வழி இருக்கிறது, சற்றுச் சுற்றுவழி. பள்ளிகளில் வாசிப்புக்குத் துணை, பள்ளி நேரத்துக்குப் பிறகு நடக்கும் குழுக்கள், குடியேறிய குடும்பங்கள் வார இறுதியில் நடத்தும் தாய்மொழிப் பள்ளிகள். கடைசியில் சொன்னதைப் பலர் மதிப்பதில்லை. ஆனால் ஒரே அறையில் ஆறு வயதும் பன்னிரண்டு வயதும், வீட்டில் அந்த மொழி பேசுகிற பிள்ளையும் பேசாத பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் வகுப்பு அது. பலநிலை வகுப்பைக் கையாளக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

விசாவை இங்கே இரண்டு தடவை பார்க்க வேண்டும். அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிப்பவர் வளாகத்துக்கு வெளியே பயிற்சி எடுக்க சி.பி.டி. என்ற அனுமதி உண்டு. அந்தப் பயிற்சி பாடத்திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும், தொடங்கும் முன்பே பல்கலைக்கழகத்தில் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். அதை முழுநேரமாக 12 மாதம் பயன்படுத்திவிட்டால், பட்டத்துக்குப் பிந்தைய ஓ.பி.டி. வேலை அனுமதி போய்விடும். பள்ளி சரி என்றது, தலைமையாசிரியர் சரி என்றார் என்பதெல்லாம் குடிவரவுச் சட்டத்துக்குப் போதாது. சம்பளமில்லாத வேலைதானே என்றும் விட்டுவிடாதீர்கள், சம்பளமில்லாததற்கும் பல நாடுகளில் விதி உண்டு.

பணம் வாங்கிக்கொண்டு, முன்பின் எந்தப் பயிற்சியும் கேட்காமல், ஏழை நாட்டுப் பள்ளியிலோ ஆதரவற்றோர் இல்லத்திலோ இரண்டு வாரம் "ஆசிரியராக" நிற்க அனுப்பும் ஏற்பாடுகளும் இருக்கின்றன. அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேற்பார்வை இல்லாத கைகளில் பிள்ளைகள் மாறி மாறிப் போவதால் அவர்களுக்கு நன்மையில்லை. ஆதரவற்றோர் இல்லங்களைப் பொறுத்தவரை, வருகிறவர்களின் பணத்துக்காகவே பிள்ளைகள் குடும்பத்திலிருந்து பிரிக்கப்படும் கொடுமையும் நடக்கிறது. ஆஸ்திரேலியா தன் 2018ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டத்தை ஒட்டி இதை நவீன அடிமைமுறையின் ஒரு வடிவமாகவே ஏற்றுக்கொண்டது. நம் அனுபவத்துக்காக எந்தப் பிள்ளையும் எதையும் இழக்கக் கூடாது. "இவரை வகுப்பில் விடலாமா?" என்று உங்களைப் பற்றி யாரும் விசாரிக்காத பள்ளி என்றால், அதுவே போகாமலிருக்கப் போதுமான காரணம்.

அந்த விசாரணை ஒழுங்கான இடங்களில் நேரம் பிடிக்கும். இங்கிலாந்தில் டி.பி.எஸ். எனப்படும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, ஆஸ்திரேலியாவில் மாநிலவாரியாகப் பிள்ளைகளோடு பணிபுரிவதற்கான சரிபார்ப்பு, அதோடு முன்பு வசித்த நாட்டுக் காவல்துறையின் நன்னடத்தைச் சான்று. கடைசியில் சொன்னதைக் கிளம்புவதற்கு முன்பே வாங்கி வையுங்கள். அந்த ஒரு தாளுக்காகப் பயிற்சி ஒரு மாதம் தள்ளிப்போனால் அடுத்த பள்ளிப் பருவமே வந்துவிடும்.

எந்த வயதுப் பிள்ளைகள், எந்த மொழியில்

நாட்டைத் தேர்வு செய்வதில் காட்டும் அக்கறையில் பாதியை வகுப்பைத் தேர்வு செய்வதில் காட்டினால்கூடப் போதும். அந்நாட்டு மொழி அரைகுறையாகத் தெரிந்தவர்கள் "சின்னப் பிள்ளைகள்தானே, சமாளிக்கலாம்" என்று தொடக்கப் பள்ளியைக் கேட்கிறார்கள். உண்மையில் அதுதான் கடினம். ஏழு வயதுப் பிள்ளை உங்களுக்காக மெதுவாகப் பேசாது. பாதி வார்த்தையை விழுங்கிவிட்டு, அழுதுகொண்டே, பக்கத்துப் பிள்ளையைக் காட்டி ஏதோ சொல்லும். அந்த நிமிடத்தில் புரிந்தாக வேண்டும். பதினைந்து வயதுக்காரர் நீங்கள் தடுமாறுவதைப் பார்த்து வார்த்தையை மாற்றிச் சொல்வார். மொழி வலுவாக இல்லையென்றால் மேல்வகுப்புகளையோ, உங்களுக்குத் தெரிந்த மொழியில் பாடம் நடக்கும் பள்ளியையோ கேளுங்கள்.

எந்த வகுப்பானாலும் ஒரு முப்பது வாக்கியங்களை அந்த மொழியில் மனப்பாடமாக்கிக்கொண்டு போங்கள். "புத்தகத்தை மூடுங்கள்", "இருவர் இருவராக", "இன்னொரு தடவை சொல்லு", "உனக்கு வலிக்கிறதா?" போன்றவை. போவதற்கு முன் நண்பர்கள் ஐந்தாறு பேரை உட்கார வைத்து, ஐந்து நிமிடப் பாடம் எடுத்து, அதைக் கைபேசியில் பதிவு செய்து பாருங்கள். நுண்ணிலைக் கற்பித்தல் என்று 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறை இதுதான். இன்றும் செலவில்லாத நல்ல தயாரிப்பு.

நான் என்றால்

வேறொரு நாட்டில் ஆசிரியராக வாழவே போகிறேன் என்பவருக்கு முதல் வழிதான், அதற்கு மாற்று இல்லை. பணத்தையும் மொழித் தேர்வையும் தயார் செய்துகொண்டு முழுப் பட்டத்துக்குப் போகலாம். தன் நாட்டுக்குத் திரும்பி ஆசிரியராகப் போகிறவர் முழுப் பட்டத்தில் கொட்டும் பணத்துக்கு, அந்தத் தகுதியை இங்கே ஏற்பார்களா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். ஏற்க மாட்டார்கள் என்றால், சொந்த நாட்டில் பயிற்சி முடித்து எட்டு வாரமோ ஒரு பருவமோ போய்வருவதே நல்லது. மொழி ஆசிரியருக்கு உதவியாசிரியர் ஆண்டு, ஆனால் பட்டத்துக்குப் பிறகு.

இரண்டு வாய்ப்புகள் கையில் இருந்து முடிவெடுக்க முடியவில்லையென்றால், இரண்டு ஒருங்கிணைப்பாளர்களுக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள். தனியாக எத்தனை பாடம் எடுப்பேன்? எத்தனை பாடங்களை வழிகாட்டி உட்கார்ந்து பார்ப்பார்? பேசுவதற்கு அவருக்குக் கால அட்டவணையில் இடம் இருக்கிறதா? பள்ளி சரிப்படவில்லையென்றால் யாரிடம் சொல்வது? எண்களோடு பதில் வரும் இடத்துக்கு முன்னுரிமை கொடுங்கள். "அது பள்ளியைப் பொறுத்தது" என்று பதில் வந்தால், போன ஆண்டு அந்தப் பள்ளியில் இருந்த மாணவர் ஒருவரோடு பேச முடியுமா என்று கேளுங்கள். பேசும்போது ஊர் எப்படி, தங்குமிடம் எப்படி என்பதையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் பாடம் எடுத்தபோது எத்தனை தடவை ஒருவர் முழுதாக உட்கார்ந்து பார்த்தார் என்பதை முதலில் கேளுங்கள்.